பொறவியிலேயே இருந்ததாம்

என் நைனா 1966இல் பட்டாளத்துக்குப் போனார். அதற்கு ஆறு வருஷம் முன்னால்தான், 1960 ஏப்ரலில், திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்திருந்தது. எல்லைதான் மாறியது. சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் முதல் லீவில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். “அந்த சத்தத்துக்கே திண்ணையில குந்தியிருந்தவங்க எழுந்து உள்ள போயிட்டாங்க” என்று அம்மா சொல்லும்.

1975இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலிப்பு. ஒன்பது வருஷ சர்வீஸ். சர்வீஸ் பென்ஷனுக்குப் பதினைந்து வருஷம் வேண்டும். நோயால் வெளியேறியவருக்கான பென்ஷனுக்கும் அன்றைக்குப் பத்து வருஷம் வேண்டும். மிச்சமிருந்தது ஊன பென்ஷன் மட்டும். 1961ஆம் வருஷத்து விதிகளின்படி ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; அது படைப்பணியால் வந்ததாகவோ, படைப்பணியால் முற்றியதாகவோ இருக்க வேண்டும். நைனாவின் மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில், இது அவருடைய உடற்கூற்றிலேயே உள்ள நோய் என்றது. காலேஜில் சேர்ந்த பிறகு அந்த இங்கிலீஷ் கடுதாசியை நான்தான் படித்துச் சொன்னேன். “பொறவியிலயே உன் ஒடம்புல இருந்ததாம் நைனா.”

“அப்ப சேக்கசொல்ல இன்னாத்த பாத்தானுங்க?”

பிறவி என்ற பேச்சு பட்டாளத்தில் புதிதல்ல. கும்பினி காலத்து மதராஸ் பட்டாளத்தில் பறையர் நிறையப் பேர் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் ‘போர்க்குடி’ என்றொரு கதையைக் கட்டினார்கள். வீரம் சில சாதிகளுக்குப் பிறப்பிலேயே உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்ற கதை. மதராஸ் படைகள் சுருங்கின. 1890களில் மகார்களைச் சேர்ப்பது நின்றுபோனது. 1894இல் முன்னாள் படைவீரர் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். உலகப்போர் வந்ததும் 1941இல் மகார் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். சண்டை முடிந்த மறுவருஷமே, 1946இல், சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள்.

அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி, பென்ஷன் வாங்கிய சுபேதார். மாதாமாதம் வரும் அந்தப் பணம் ஆண்டை கையில் அளந்து கொடுப்பதல்ல. நம்மவர்கள் பட்டாளத்துக்கு ஓடியதில் பாதிக் காரணம் அதுதான் என்பேன். அது கிடைக்காததால் நைனா கரும்பு வெட்டப் போனார். கிணற்றுப் பக்கம் போகாமல் அம்மா காவல் இருந்தது. 1998இல் செத்துப்போனார்.

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவரும் சிப்பாய்தான்; அவருக்கும் வலிப்பு; அவருக்கும் ஒன்பது வருஷ சர்வீஸ். சேரும்போது எழுதிய மருத்துவத் தாளில் நோய் குறிக்கப்படவில்லை என்றால், அன்று ஆள் ஆரோக்கியமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும்; நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது; சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு என்றது கோர்ட். நைனா கேட்ட அதே கேள்வி.

2023 செப்டம்பரில் விதிகளை மாற்றி, ஊனத்தோடு பணிக்காலம் முடித்து ஓய்வுபெறுகிறவர்களுக்கான தொகைக்கு ‘பாதிப்பு நிவாரணம்’ என்று பெயர் வைத்தார்கள். சலுகை துஷ்பிரயோகம் ஆகிறதாம். அதே வருஷத்துத் தணிக்கை அறிக்கை, ஓய்வுபெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் ஊனப் பலன் பெறுகிறார்கள், அதிகாரியல்லாத படையினரில் 15 முதல் 18 சதவீதம்தான் என்றது. தோட்டாவுக்கு முன்னால் நிற்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் நாலு வருஷப் பணிக்குப் பென்ஷனே கிடையாது. ஊனமானால் 15, 25, 44 லட்சம் என்று ஒரேதடவைத் தொகை.

எங்கள் காலனிப் பையன்கள் இன்னும் விடியற்காலையில் அரக்கோணம் ரோட்டில் ஓடிப் பழகுகிறார்கள். ஓடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேருகிற அன்று எழுதும் மருத்துவத் தாளுக்கு எப்படியாவது ஒரு நகல் கேட்டு வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ என்கிறேன். நைனாவின் தாள் எங்களிடம் இல்லை.