கொட்டகையில் ஒரு திருப்பணி

பழுதுற்ற கோயிலைப் பிரித்துப் புதுப்பிக்கும் பணியை நம் முன்னோர் திருப்பணி என்றனர். அப்பணியில் அவர்கள் கடைப்பிடித்த நெறி ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. சோழர் காலத்தில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்து மீண்டும் எடுப்பித்தபோது, பழைய சுவர்களிலிருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைத்தனர். பின்னர் அவற்றைப் புதிய சுவரில் பொறித்தனர். பிரிப்பதற்கு முன் பதிவு செய்தல் வேண்டும்; புதுப்பித்த பின் உண்மையை மறைத்தலாகாது. இதுவே அந்நெறி.

இதே நெறியைக் கோயிலோடும் கல்வெட்டோடும் எவ்விதத் தொடர்புமில்லாத ஓரிடத்தில் கையாளும் மக்கள் உளர். அவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் சாதாரணக் குடும்பத்தினர். பணி நடைபெறும் இடம், வீட்டை ஒட்டிய மோட்டார் கொட்டகை. பணிக்குரிய பொருளோ, துருவேறிக் கிடக்கும் ஒரு பழைய மோட்டார் வண்டி. ‘மஸில் கார்’ என்று அமெரிக்கர் அழைக்கும் அவ்வண்டியின் வரலாற்றையும், அதனை வீட்டிலேயே புதுப்பிப்போர் எதிர்கொள்ளும் அறச்சிக்கல்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

மஸில் என்பது தசை. புஜபலம் மிக்க வண்டி என்று பொருள் கொள்ளலாம். நடுத்தர அளவும் அடக்கமான விலையும் உடைய குடும்ப வண்டி ஒன்றினுள், பெரிய வண்டிக்குரிய பேராற்றல் வாய்ந்த யந்திரத்தைப் பொருத்தினால் கிடைப்பது எதுவோ, அதுவே மஸில் கார். இதற்கு முன்னோடிகள் சில உண்டெனினும், 1964-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. என்னும் வண்டியையே இவ்வகையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்வர்.

அது பிறந்த கதை சுவையானது. பாண்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு. பந்தயக் களத்தில் ஈட்டிய புகழே அப்பிரிவின் விற்பனைக்கு ஊன்றுகோலாக இருந்தது. 1963-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இனி எந்தப் பிரிவும் பந்தயங்களில் ஈடுபடலாகாது என்று தலைமையகம் ஆணையிட்டது. ஊன்றுகோல் பறிபோயிற்று. பந்தயக் களத்தில் காட்ட முடியாத ஆற்றலைப் பொதுச் சாலையில் காட்டலாமே என்னும் எண்ணம் அப்போது எழுந்தது.

பாண்டியாக்கின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவருடன் பணியாற்றிய பில் காலின்ஸ் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். டெம்பெஸ்ட் என்னும் நடுத்தர வண்டியில் இருந்த 326 கன அங்குல யந்திரமும், பெரிய வண்டிகளில் இருந்த 389 கன அங்குல யந்திரமும் புற அளவில் ஒத்தவை; ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்று தடையின்றி அமரும். இடையூறு யந்திரத்தில் இல்லை, விதியில் இருந்தது. நடுத்தர வண்டிகளின் யந்திரம் 330 கன அங்குலத்தை மிஞ்சலாகாது என்பது நிறுவனத்தின் கொள்கை. அவ்விதி புதிய மாதிரிகளுக்கு உரியது. வாங்குவோர் விரும்பிக் கேட்கும் கூடுதல் உறுப்புகளைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே ஜி.டி.ஓ. தனி வண்டியாக அன்றி, டெம்பெஸ்ட் வரிசையைச் சேர்ந்த லெமான்ஸ் வண்டியில் கூடுதல் விலைக்குப் பெறத்தக்க உறுப்புத் தொகுதியாகவே வெளிவந்தது. அக்கூடுதல் விலை ஏறத்தாழ 300 டாலர்.

389 கன அங்குலம் என்பது 6.4 லிட்டர் கொள்ளளவு. நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் வண்டியின் பழைய யந்திரம் 1489 கன சென்டிமீட்டர் கொண்டது. ஜி.டி.ஓ.வின் யந்திரம் அதைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டது. சாதாரண அமைப்பில் 325 குதிரைத்திறனும், மூன்று கார்புரேட்டர்கள் பூட்டிய அமைப்பில் 348 குதிரைத்திறனும் அதற்கு உண்டெனக் கூறப்பட்டது. ஐயாயிரம் வண்டிகள் விற்றால் போதும் என்று எண்ணித் தொடங்கினர். முதல் ஆண்டிலேயே 32,450 வண்டிகள் விற்றன. 1966-இல் அத்தொகை 96,946 ஆக உயர்ந்தது. மற்ற நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. பிளிமத் ரோட் ரன்னர், டாட்ஜ் சார்ஜர், செவர்லே செவெல் என ஒன்றையொன்று விஞ்சும் வண்டிகள் வந்தன. 1970-ஆம் ஆண்டுச் செவெல் வண்டியின் 454 கன அங்குல யந்திரம் 450 குதிரைத்திறன் உடையதாக விளம்பரப்படுத்தப்பட்டது.

ஏற்றம் எவ்வளவு விரைவானதோ, இறக்கமும் அவ்வளவு விரைவானதே. சாலை விபத்துகளில் மாண்டோர் தொகை 1966-இல் 50,000-ஐத் தாண்டியது. அவ்வாண்டிலேயே வண்டிகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. இளைஞர் ஓட்டும் ஆற்றல்மிக்க வண்டிகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தியது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்றவாறு 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் யந்திரங்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. துணை உறுப்புகளின்றி யந்திரத்தைத் தனியே ஓட்டி அளந்த பழைய குதிரைத்திறன் கணக்கும் 1972-இல் கைவிடப்பட்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது எஞ்சியிருந்த ஆர்வமும் அவிந்தது. 1974-ஆம் ஆண்டுடன் ஜி.டி.ஓ. நின்றது. பத்தே ஆண்டுகளில் ஒரு காலம் தோன்றி மறைந்தது.

பின்னர் அவ்வண்டிகள் கைமாறின, மதிப்பிழந்தன, கொல்லைப்புறத்தில் கிடந்தன. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவும் உப்பு, அவற்றின் இரும்பை அரித்தது. இளமையில் அவற்றைப் பார்த்து ஏங்கியவர்களும், ஓட்டி மகிழ்ந்து பின் விற்றவர்களும் நடுவயதை அடைந்தபோது, அவற்றைத் தேடத் தொடங்கினர். வீட்டுத் திருப்பணி இவ்வாறு வளர்ந்தது.

அப்பணியின் முதற்படி, சுத்தியலைத் தொடாதிருத்தலே. அனுபவமுடையோர் முதலில் வண்டியைப் பல கோணங்களில் நிழற்படம் எடுப்பர். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் பையிலிட்டுப் பெயர் எழுதி வைப்பர். அடுத்து, வண்டியில் மறைந்துள்ள ஆவணங்களைத் தேடுவர். யந்திர அறைக்கும் ஓட்டுநர் இருக்கும் இடத்திற்கும் நடுவேயுள்ள தகட்டில் அறையப்பட்டிருக்கும் சிறு பட்டயம், வண்டியின் உடல் அமைந்த காலத்தையும் அதன் வண்ணத்தையும் குறியீடுகளால் உரைக்கும். இன்னொரு சான்று வியப்புக்குரியது. எவ்வண்டிக்கு எவ்வுறுப்புகள் பூட்ட வேண்டும் என்று தொழிலாளருக்கு அறிவிக்கும் தாள்கள் தொழிற்சாலையில் வழங்கின. வேலை முடிந்ததும் அவை இருக்கையின் சுருள்வில்லுக்குள்ளோ பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்திலோ தங்கிவிடுவதுண்டு. பல பத்தாண்டுகள் கழித்து இருக்கையைப் பிரிக்கும் ஒருவர், எலி கடித்த அத்தாளைக் கண்டெடுக்கும்போது, ஓலைச்சுவடி கிடைத்த புலவரின் மகிழ்ச்சியை அடைகிறார்.

பின்னரே உடலுழைப்பு தொடங்கும். ஜி.டி.ஓ. போன்ற வண்டியில் உடல் வேறு, அடிச்சட்டம் வேறு. முழுமையாகப் புதுப்பிக்க விரும்புவோர் உடலைத் தூக்கி அடிச்சட்டத்தைப் பிரித்தெடுப்பர். துரு தின்ற அடித்தட்டை வெட்டி நீக்கிப் புதிய தகட்டைப் பற்றவைப்பர். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன்களை இடுவர். ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளில் 1996-ஆம் ஆண்டுடன் முற்றும் தடை செய்யப்பட்டதால், வால்வு அமரும் விளிம்புகளில் உறுதிமிக்க எஃகு வளையங்களைப் பதிப்போரும் உண்டு. பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் தூளும், உடலின் இணைப்புகளில் ஈயமும் உள்ளமையால், முகமூடியின்றி ஊதுவதும் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கேடு. மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் செய்யும் இவ்வேலை பல ஆண்டுகள் நீளும். பாதியில் கைவிடப்பட்ட வண்டிகளும் பல.

இவ்வுழைப்பினும் கடினமானது உண்மையைக் காத்தல். முதலிரண்டு ஆண்டுகளில் ஜி.டி.ஓ. வெறும் உறுப்புத் தொகுதியாகவே விற்றதால், வண்டியின் பதிவெண் அதனை லெமான்ஸ் என்றே கூறும். 1966-இல்தான் அது தனி மாதிரி ஆயிற்று. ஆகவே 1964-ஆம் ஆண்டு லெமான்ஸ் ஒன்றில் பெரிய யந்திரத்தையும் ஜி.டி.ஓ. சின்னங்களையும் பொருத்திவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விலையிலோ வேறுபாடு மிகப் பெரிது. நல்வினையாகப் பாண்டியாக்கின் விற்பனைப் பட்டியல்கள் நுண்படச் சுருள்களில் காக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டுடன் பாண்டியாக் என்னும் பெயரே வழக்கொழிந்த பின்னரும், இன்ன வண்டி இன்ன உறுப்புகளுடன் அனுப்பப்பட்டது என்று அவை சான்று பகர்கின்றன. போலியைச் செய்வது குற்றமன்று என்பாரும் உளர். போலியைப் போலி என்று சொல்லி வைத்துக்கொண்டால் அதில் இழுக்கில்லைதான். சொல்லாமல் விற்பதே வஞ்சனை.

மற்றொரு சிக்கல் உயிரைப் பற்றியது. 1964-ஆம் ஆண்டு ஜி.டி.ஓ.வில் நான்கு சக்கரங்களுக்கும் பழைய உருளைப் பிரேக்குகளே இருந்தன. அவை நான்கையும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழியில் இயக்கிற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களின் பிடியும் ஒருசேரப் போகும். இரண்டு வழிகளாகப் பிரிந்த அமைப்பு பின்னரே கட்டாயமாயிற்று. புதுப்பிப்பவர் என் செய்வது? பழைமையைக் காத்தால் உயிருக்கு இடர். மாற்றினால் வரலாற்றுக்கு இழப்பு. அறிவுடையோர் பலர் மேற்கொள்ளும் வழி இது: சாலையில் ஓடும் வண்டிக்குப் பாதுகாப்பான அமைப்பைப் பூட்டுவர், பழைய உறுப்பை எறியாமல் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைப்பர், மாற்றிய நாளையும் காரணத்தையும் ஏட்டில் எழுதுவர். கல்வெட்டைப் படியெடுத்த கைக்கும் இக்கைக்கும் நோக்கம் ஒன்றே.

மிகையான திருப்பணியும் தீங்கே. தொழிற்சாலை வண்ணம் கண்ணாடி போல் இருந்ததில்லை. மேற்பார்வையாளர் வண்ணச் சுண்ணத்தால் இட்ட கிறுக்கல்கள், அவசரத்தில் சிதறிய வண்ணத் துளிகள் ஆகியவை அவ்வண்டியைச் செய்த தொழிலாளரின் கைரேகைகள். பெயரறியாத அம்மனிதர்கள் விட்டுச் சென்ற கையொப்பம் அதுவொன்றே. பளபளப்புக்காக அதனை அழித்தோர் பின்னர் வருந்தியதுண்டு. எனவேதான், பழுதில்லாத பழைய வண்ணத்தை மங்கியவாறே விட்டுவைக்கும் போக்கும் வலுப்பெற்றது.

நம் நாட்டுக்கும் இக்கேள்வி புதிதன்று. ஜி.டி.ஓ. உலா வரத் தொடங்கிய அதே 1964-இல், தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தில்லியில் பழம்பெரும் வண்டிகளின் அணிவகுப்பைத் தொடங்கிற்று. 2021-இல் இந்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு நிகழ்ந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகள் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு பெறலாம். ஆனால் அடிச்சட்டமோ உடலோ யந்திரமோ பெரிதும் மாற்றப்பட்டிருத்தல் கூடாது. பழைமை என்பது வயது மட்டுமன்று, உண்மையும் கூட என்பதை அவ்விதி ஏற்றுக்கொள்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் இல்லங்களிலும், பாட்டனார் காலத்துத் தையல் பொறியோ சுவர்க் கடிகாரமோ இருக்கக்கூடும். அதனைச் செப்பனிட முற்படும் நாளில், முதலில் ஒரு தாளை எடுத்துக் கொள்ளுங்கள். எது பழையது, எது புதியது, யார் மாற்றினர், ஏன் மாற்றினர் என்று எழுதி, அதனுள்ளேயே வைத்து மூடுங்கள். அதனை மறுமுறை திறக்கப் போகும் பேரனுக்கு அத்தாள் ஒரு கல்வெட்டாகும்.