வீடு புகுந்தவனும் வீட்டுத் துப்பாக்கியும்

இரவில் வீட்டுக்குள் புகுந்தவனைக் கொன்றவரைத் தண்டிக்காமல் விடும் வழக்கம் இங்கிலாந்தில் மிகப் பழையது. எட்டாம் ஹென்றி காலத்து 1532ஆம் ஆண்டுச் சட்டம், கன்னமிட வந்த திருடனைத் தன் வீட்டில் கொன்றவரின் உடைமைகளை அரசு பறிமுதல் செய்யக் கூடாது என்று தெளிவாக்கியது. 1604இல் செமெயின் வழக்கைப் பதிவு செய்த சட்ட வல்லுநர் எட்வர்ட் கோக், ஒருவரது வீடு அவருக்குக் கோட்டை என்ற கருத்தைச் சட்ட நூலில் நிலைநிறுத்தினார். அந்த வழக்கில் திருடன் யாரும் இல்லை. தனியார் கடன் வழக்கில் பொருளைக் கைப்பற்ற வந்த ஷெரீப், மூடிய கதவை உடைக்கலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. ஆனாலும் அமெரிக்காவில் இன்று 'கோட்டைக் கோட்பாடு' என்று வழங்குவதன் வேர் அதில்தான் இருக்கிறது.

பழைய ஆங்கிலச் சட்டம் பகலையும் இரவையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. கன்னமிடுதல் என்ற குற்றமே இரவில் நடப்பதாகத்தான் வரையறுக்கப்பட்டிருந்தது. வந்திருப்பது யார், எத்தனை பேர், எதற்காக வந்தார்கள் என்பது இருட்டில் தெரியாது. கூப்பிட்டால் உதவிக்கு ஆள் வருவதும் அரிது. வீட்டுக்காரருக்கு இவ்வளவு பெரிய உரிமை கிடைத்தது இதனால்தான். ஆனால் திருடனை மறைக்கும் அதே இருட்டு, தாமதமாக வீடு திரும்பும் மகனையும் வழி தவறிய அயலாரையும் மறைக்கும். இதற்குச் சட்டத்தைவிடத் துப்பாக்கிப் பயிற்சியாளர்களே பிற்காலத்தில் கூடுதல் கவனம் கொடுத்தார்கள்.

இந்தியாவிலும் இரவுக்கு இந்தத் தனி இடம் உண்டு. மெக்காலேயின் 1837ஆம் ஆண்டு வரைவிலிருந்து உருவாகி 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, இரவில் வீட்டை உடைத்துப் புகுபவருக்கு எதிரான தற்காப்பு உயிரைப் பறிக்கும் அளவுக்கும் செல்லலாம் என்றது. 99ஆம் பிரிவு அதற்கு வரம்பு கட்டியது: அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை; தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த அமைப்பைத் தொடர்கிறது. அதில் 'இரவு' என்ற சொல்லுக்குப் பதிலாக, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்கா வேறு திசையில் சென்றது. தாக்கப்படுபவர் முடிந்தால் பின்வாங்க வேண்டும் என்ற ஆங்கில விதி, வீட்டுக்குள் பொருந்தாது என்று 1914இல் நியூயார்க் உயர்மட்ட நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ எழுதினார். அந்த வழக்கில் இறந்தவர் அந்நியர் அல்லர், சுட்டவரின் மகன். 1985இல் கொலராடோ மாநிலம் இன்னும் ஒரு படி சென்றது. சட்டவிரோதமாக நுழைந்து குற்றம் செய்ய முனைபவர் வீட்டாரிடம் சிறிதளவு பலத்தைப் பயன்படுத்தக்கூடும் என்று நியாயமாக நம்பினாலே கொல்லும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்றது. 2005இல் ஃபுளோரிடா, ஒருவர் வலுக்கட்டாயமாக வீட்டுக்குள் நுழைந்தாலே வீட்டுக்காரரின் அச்சம் நியாயமானது என்று அனுமானிக்கும் சட்டத்தை இயற்றியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

சட்டம் இப்படி விரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், துப்பாக்கி கற்பிப்பவர்களின் பாடம், எப்போது சுடலாம் என்பதைச் சுருக்கிக்கொண்டே வந்தது. மரைன் படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர் 1976இல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் பரப்பிய நான்கு விதிகள் இன்றும் அத்தொழிலின் அடிப்படை. எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்க்கும்வரை விசையில் விரல் படக் கூடாது. குறி எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். வீட்டுக்குள் மிகக் கடுமையாகப் பொருந்துவது நான்காவது விதி. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மெல்லிய ஜிப்சம் பலகைகள். கைத்துப்பாக்கிக் குண்டு அவற்றில் பலவற்றைத் துளைத்துச் செல்லும். சுவருக்கு அப்பால் படுத்திருப்பது குழந்தையாக இருக்கலாம்.

தொலைபேசியும் பாடத்தை மாற்றியது. 911 என்ற அவசர எண்ணுக்கு முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் ஊரில் செய்யப்பட்டது. அந்த எண் நாடெங்கும் பரவ ஆண்டுகள் பிடித்தன. பரவிய பிறகு, சத்தம் கேட்டால் துப்பாக்கியோடு வீட்டைச் சோதிக்கப் போவது வீரமாகக் கற்பிக்கப்படவில்லை. பயிற்சி பெற்ற காவலர்களே வீட்டைச் சோதிக்கத் தனியாகப் போக விரும்பாதபோது, பனியனோடு எழுந்த ஒருவர் போவது தற்கொலைக்கு ஒப்பானது. குடும்பத்தாரை ஓர் அறையில் சேர்த்துக் கதவைப் பூட்டு, 911ஐ அழைத்து இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திரு, காவலர் வரவழைக்கப்பட்டதை உரக்கச் சொல், விளக்கொளியில் முகம் பார்க்காமல் சுடாதே, காவலர் வந்ததும் துப்பாக்கியைக் கீழே வை என்பவை இன்று வழக்கமான பாடங்கள். துப்பாக்கிப் பயிற்சியாளர் மசாத் அயூப் 1980இல் வெளியிட்ட நூலும் அதன்பின் அவர் நடத்திய வகுப்புகளும், சுட்ட பிறகு சந்திக்க வேண்டிய சட்ட விளைவுகளையும் இப்பாடத்தில் சேர்த்தன.

இந்த விதிகள் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியது 1992 அக்டோபர் 17 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்த சம்பவம். ஹாலோவீன் விருந்துக்கு வேடமிட்டுப் போன 16 வயது ஜப்பானிய மாணவர் தவறான வீட்டின் மணியை அழுத்தினார். வீட்டுப் பெண் அஞ்சிக் கதவைச் சாத்திவிட்டுக் கணவரைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னார். கதவு பூட்டியே இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கணவர் கதவைத் திறந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். தொடர்ந்து முன்னே வந்த மாணவரைச் சுட்டுக் கொன்றார். ஜூரி அவரை விடுவித்தது. அடுத்து நடந்த உரிமையியல் வழக்கில் 1994இல் சுமார் 6,50,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. மாணவரின் பெற்றோர் ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டி, துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி அதிபர் கிளிண்டனைச் சந்தித்தனர்.

2023 ஏப்ரலில் இதே போன்ற இரண்டு சம்பவங்கள் சில நாள் இடைவெளியில் நடந்தன. மிசௌரியின் கேன்சஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவர முகவரி மாறிப் போய் மணி அடித்த 16 வயதுக் கறுப்பினச் சிறுவனை 84 வயது முதியவர் சுட்டார், சிறுவன் பிழைத்தான். நியூயார்க் மாநிலக் கிராமப்புறத்தில் தவறான வீட்டின் பாதையில் திரும்பிய காரில் இருந்த 20 வயதுப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க்கில் சுட்டவருக்கு 2024இல் 25 ஆண்டு முதல் ஆயுள்வரையான சிறைத்தண்டனை கிடைத்தது. மிசௌரி முதியவர் 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை அறிவிக்கப்படும் முன்பே இறந்தார்.