பட்டாவும் நிவாரணமும்: தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் அமைப்பு குறித்து

1786இல் சென்னையில் வருவாய் வாரியம் அமைந்தபோது அதன் முதன்மை வேலை நிலவரி. தாமஸ் மன்றோ முன்னின்று வளர்த்த ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியோடும் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டது. ஜமீன்தார் ஒருவரிடம் மொத்தமாக வரி வாங்கும் இடத்தில் எந்த வயல் யாருடையது என்று அரசுக்குத் தெரிய வேண்டியதில்லை; ரயத்துவாரியில் தெரிந்தே ஆக வேண்டும். வயல் வயலாக அளந்து, எண்ணிட்டு, மண்ணின் தரம் பார்த்து, தீர்வை கட்டி எழுதும் கணக்கு இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. இன்று மாநில வருமானத்தில் நிலவரியின் பங்கு மிகச் சொற்பம். கணக்கு மட்டும் நிலைத்துவிட்டது. வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு, நில எடுப்பு இழப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாம் அதை நம்பியே நடக்கின்றன. இந்தக் கணக்கைப் பிழையின்றிப் பேணுவதே வருவாய்த் துறையின் மையப் பணி. துறையின் இன்றைய அமைப்பு அந்தப் பணிக்குப் போதிய இடம் தரவில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

துறையின் மேல்தட்டைப் பார்ப்போம். புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் தலைமைச் செயலகத் துறை கொள்கை வகுக்கும், அரசாணை வெளியிடும், அமைச்சருக்கும் சட்டமன்றத்துக்கும் பதில் சொல்லும். செயலாக்கம் துறைத் தலைமைகளிடம் இருக்கிறது. 1980இல் வருவாய் வாரியம் கலைக்கப்பட்ட பிறகு அதன் வேலைகள் தனித்தனி ஆணையர்களிடம் பிரிந்தன. வருவாய் நிர்வாகமும் பேரிடர் மேலாண்மையும் ஓர் ஆணையரிடம், நில நிர்வாகம் இன்னொருவரிடம், நிலச் சீர்திருத்தம் வேறொருவரிடம். நில அளவைக்குத் தனி இயக்ககம். பொருள்வாரியாகப் பிரித்த இந்த ஏற்பாட்டில் குறை காண ஒன்றுமில்லை. சிக்கல் கீழே இருக்கிறது. மேலே பிரிந்த அத்தனை கிளைகளும் மாவட்ட ஆட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர் வழியாக இறங்கி, வட்டாட்சியர் மேசையில் மீண்டும் ஒன்றாகச் சேர்கின்றன.

அந்த மேசைக்கு ஒரு நாளில் என்னென்ன வருகிறது? பட்டா மாறுதல், ஆக்கிரமிப்பு அகற்றம், சான்றிதழ்கள், வாக்காளர் பட்டியல், அமைச்சர் வருகை ஏற்பாடு, சாலை மறியல் பேச்சுவார்த்தை, நீதிமன்ற வழக்குக்குப் பதிலுரை. வழங்கலுக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். அவர்களும் இதே பணியாளர் கூட்டத்திலிருந்து மாறி மாறிப் போகிறவர்களே. தேர்தலுக்கோ புயலுக்கோ கெடு உண்டு. ஒரு பட்டாவில் தந்தை பெயர் தவறாக ஏறியிருப்பதற்குக் கெடு இல்லை. ஆகவே எப்போதும் பின்னுக்குப் போவது பதிவேடுதான். இதைத் தனிமனித அலட்சியம் என்று சொல்வது எளிது. அவசரமானதும் முக்கியமானதும் ஒரே கையில் இருக்கும்போது அவசரமானதே வெல்லும்; எவ்வளவு நேர்மையான அலுவலர் வந்து உட்கார்ந்தாலும் இந்த அமைப்பு அவரை அந்தப் பக்கமே தள்ளும்.

1980 இன்னொரு மாற்றத்துக்கும் உரிய ஆண்டு. எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கர்ணமும் கிராம முன்சீப்பும் இருந்த இடத்துக்கு, தேர்வு எழுதி வரும் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. பரம்பரையாகச் சில குடும்பங்களின் கையில் கணக்கு இருந்தவரை, நிலமற்றவரின் அனுபோகம் ஏட்டில் ஏறுமா ஏறாதா என்பது கர்ணத்தின் தயவைப் பொறுத்திருந்தது. ஆனால் எந்தப் புல எண்ணில் எந்த வரப்பு எந்த ஆண்டு நகர்ந்தது என்று கர்ணம் நினைவில் வைத்திருந்த அறிவுக்கு மாற்றாக எதுவும் ஏற்படுத்தப்படவில்லை. இடமாறுதலில் வந்து இடமாறுதலில் போகும் அலுவலருக்கு ஏடுதான் நினைவு. அதே காலத்தில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் புகுந்த பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் இன்றும் மாவட்ட வருவாய் அலுவலர் முன் மனுக்களாக வந்துகொண்டிருக்கின்றன. பின்னர் கணினியேற்றம் நடந்தபோது இருந்த பிழை இருந்தபடியே திரைக்குப் போனது.

பொதுப் பணிகளையும் பேரிடரையும் ஒரு துறைக்கும், நிலப் பதிவேட்டை வேறொரு துறைக்கும் கொடுத்துவிடலாமே என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது; என்றாலும் நிவாரணம் எப்படி நடக்கிறது என்பதை அது கவனிக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த மரங்களைத் தோப்புத் தோப்பாக எண்ண வேண்டியிருந்தது. எண்ணியபின், எந்தப் புலத்தில் எத்தனை மரம், அது யார் பெயரில் இருக்கிறது என்று கணக்கோடு ஒப்பிட வேண்டும். பயிர்ச் சேதத்துக்கும் இதே வழிதான்: கிராமக் கணக்கு எண் 2 என்னும் அடங்கலில் அந்தப் பருவத்தில் அந்தப் புலத்தில் நெல் என்று இருந்தால்தான் நெல்லுக்கு இழப்பீடு. பயிரைப் போய்ப் பார்க்காமல் சென்ற ஆண்டு எழுதியதையே மறுபடி எழுதிய அடங்கல், மழை வராத வரை யாரையும் வருத்தாது. வெள்ளம் வந்த ஆண்டில் அது ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாட்டைப் பறித்துவிடும். பதிவேடும் நிவாரணமும் ஒரே வேலையின் இரு பருவங்கள். இரண்டையும் இரு துறைகளாக்கினால், புயலடித்த மறுநாள் ஒரு துறை இன்னொரு துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்.

இதில் அதிகம் அடிபடுகிறவர் குத்தகைதாரர். சாகுபடி செய்கிறவரின் உரிமையைப் பதிய 1969இலேயே தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. வாய்மொழிக் குத்தகையில் உழுகிற பலர் அந்தப் பதிவேட்டில் இல்லை. பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடையவர் அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த பருவத்துக்கு நிலம் கிடைக்காது என்று உழுகிறவர் அஞ்சுகிறார். விளைவு, விதைத்தவர் ஒருவர், நிவாரணம் வாங்குகிறவர் வேறொருவர். சட்டம் இருந்தும் அதை நிறைவேற்ற நேரமுள்ள அலுவலர் வட்டத்தில் இல்லை என்பதே இங்கே அமைப்பின் குறை.

துறை எல்லைகளும் சேர்ந்து சுமையைக் கூட்டுகின்றன. கிரயப் பத்திரம் பதிவாவது வணிகவரி மற்றும் பதிவுத் துறையின் கீழ் வரும் சார்பதிவாளர் அலுவலகத்தில். பட்டா வருவாய்த் துறையில். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் பதிவாவது ஆவணமே, உரிமை அன்று. பட்டா மட்டுமே உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உட்பிரிவு இல்லாத இனங்களில் பதிவோடு பட்டா மாறும் ஏற்பாடு இப்போது வந்திருப்பது நல்ல முன்னேற்றம். உட்பிரிவு வேண்டிய இனம் இன்னும் நில அளவரின் வருகைக்குக் காத்திருக்கிறது. அந்த நில அளவர் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் நில அளவைத் துறையின் ஆள். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இரு மேலதிகாரிகளுக்கு நடுவில் விழுந்துவிடுகிறது.

என் கருத்தில், பிரிக்க வேண்டியது துறையை அன்று, வட்டாட்சியரின் மேசையை. ஒவ்வொரு வட்டத்திலும் நிலப் பதிவேட்டுக்கென்றே ஒரு வட்டாட்சியர் வேண்டும். தேர்தலுக்கோ வரவேற்புக்கோ அழைக்க முடியாதவராக, குறைந்தது மூன்று ஆண்டு நிலையாக இருப்பவராக. நில அளவர்கள் அவருக்கே கணக்குச் சொல்ல வேண்டும். பட்டாவை மாற்றினாலும் மறுத்தாலும் அவர் காரணம் எழுதி ஆணையிட வேண்டும். 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போகும் மேல்முறையீட்டுக்கு அப்போதுதான் பொருள் இருக்கும். பேரிடர் வந்தால் அவரும் களத்துக்குப் போகட்டும், பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு.

ஜமாபந்திக்கும் அதன் பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டின் இறுதியில் அ பதிவேடு, அடங்கல், சிட்டா எல்லாம் மேசையில் அடுக்கப்படும். நில அளவைச் சங்கிலிகூடப் பார்வைக்கு வைக்கப்படும். ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்வதற்கென்றே வந்த நாட்கள் அவை. இப்போது பெரும்பகுதி மனு வாங்குவதில் கழிகிறது. ஒரு பிர்க்காவுக்குப் பத்துப் புலங்களையாவது ஜமாபந்தி அலுவலர் குலுக்கலில் எடுத்து, அடங்கலோடு வயலுக்கே போய் ஒப்பிட்டு, கண்டதைக் குடிகள் மாநாட்டில் ஊரார் முன் வாசிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வருவாய் நிர்வாக ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.