18 நாள் சீசன், 12 மாதச் சம்பளம்

நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கும் இந்திய மகளிர் கால்பந்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கம் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சேது எஃப்.சி. என்ற கிளப்பை மதுரை கிளப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெயருக்குரிய சேது தொழில்நுட்பக் கல்லூரி இருப்பதோ காரியாபட்டி பக்கம் புல்லூரில். சீனி முகைதீன் 2016-ல் ஆரம்பித்த இந்தக் கிளப், 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்தார்கள்.

அந்த லீக் மே 5-ம் தேதி தொடங்கி 22-ம் தேதி முடிந்தது. மொத்தமே 18 நாள்! அதற்குள் 7 ஆட்டம் ஆடி, நாட்டின் சாம்பியன் ஆகி, ஊர் திரும்பியாச்சு. மீதி பதினொன்றரை மாதம் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்?

பதில் தேட, அப்போது சேது அணியில் ஆடிய இந்துமதி கதிரேசனைப் பார்க்கலாம். கடலூர்க்காரர், 1994-ல் பிறந்தவர், நடுக்கள ஆட்டக்காரர். சுனாமிக்குப் பிறகு கடலூரில் பெண் பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பயிற்சியாளர் மாரியப்பன் முக்கியமானவர். அவரிடம் கற்றவர்களில் இந்துமதியும் ஒருவர், பின்னால் இந்திய அணிக்குப் போன சந்தியா ரங்கநாதனும் ஒருவர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆனது. எதிரில் ஆடியது மணிப்பூர். அதுவரை பெரும்பாலான வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான். ஸ்கோர் 2-1. அடுத்த வருஷம் நேபாளத்தின் விராட்நகரில் இந்தியா சாஃப் கோப்பையை வென்றபோதும் இந்துமதி அணியில் இருந்தார்.

இவ்வளவுக்கும் அவருடைய மாதச் சம்பளம் வந்தது தமிழ்நாடு காவல்துறையிலிருந்து. உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் கால்பந்து நின்றுபோனது, காவல் பணி நிற்கவில்லை. இந்திய அணி ஆட்டக்காரர் சென்னைத் தெருவில் காக்கி உடுப்பில் நின்றார். "தேசத்துக்கு இரட்டைச் சேவை" என்று பத்திரிகைகள் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதில் வேறொன்று பட்டது. ஆண்கள் லீக்கில் இந்திய அணிக்கு ஆடுகிற ஒருத்தரை இப்படி ரோந்துப் பணியில் பார்த்திருக்கிறோமா?

இங்கே ஒரு அயர்லாந்துப் பெண்ணைச் சொல்லணும். ஆன் ஓ'பிரையன், டப்ளின்காரர். 1973-ல், 17 வயசில், பிரான்சின் ரீம்ஸ் கிளப்பில் சேர்ந்தார். 1976-ல் இத்தாலியின் லாசியோவுக்குப் போய், பல வருஷம் அங்கேயே ஆடி, லீக் பட்டங்கள் வென்றார். பிள்ளை பெற்ற பிறகும் ஆட்டத்தை விடவில்லை. பக்கத்து இங்கிலாந்தில் பெண்கள் ஆடக் கூடாது என்று 1921-ல் கால்பந்துச் சங்கம் போட்ட தடை 1971-ல்தான் நீங்கியிருந்தது. கால்பந்தைத் தொழிலாக்க அவர் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

நம்ம நாட்டில் அப்படித் தடை போட்ட கதை இல்லை. 1975-லேயே மகளிர் கால்பந்துக்குத் தனிச் சம்மேளனம் தொடங்கினார்கள். 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இறுதிவரை போனது, 1983-ல் மறுபடியும் போனது. ஆசியாவில் இரண்டாம் இடம்! அந்த அணிக்குப் பின்னால் ஒரு லீக் வந்திருக்க வேண்டாமா? வந்தது, 2017-ல். முதல் சீசனில் 6 அணி, அதுவும் சில வாரம். தடை போட்டிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பார்கள். இது சத்தமே இல்லாமல் கழிந்த 34 வருஷம்.

அந்த இடைவெளியை நிரப்பியது ரயில்வேயும் போலீசும்தான். தமிழ்நாடு காவல்துறைத் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2019 இறுதி ஆட்டத்தில் சேதுவுக்கு எதிரில் நின்றதே ஒரு போலீஸ் அணி என்பதை மறக்க வேண்டாம். பெண்களுக்கு லீக் இல்லாத காலத்தில் அரசு வேலை இல்லை என்றால், இருபத்திரண்டு வயசோடு பூட்ஸைக் கழற்றி வைத்திருப்பார்கள்.

2023-24-ல் லீக் மாறியது. சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று மாதக்கணக்கில் ஆட்டம். ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய ஆட்டக்காரர்களுக்கு வருஷம் 3.2 லட்ச ரூபாயாவது தரணும் என்று சம்மேளனம் அறிவித்தது. மாதத்துக்குப் பிரித்தால் 27,000-த்துக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,900, படிகள் தனி. கிளப் ஒப்பந்தத்துக்குத் தேதி உண்டு. போலீஸ் வேலை 60 வயசு வரை, முழங்கால் போனாலும்.