பெருங்குடல் புற்றுநோய்ப் பரவலில் பாக்டீரியாவின் பங்கு: செங்கல்பட்டை முன்வைத்து

1968 முதல் 1971 வரை, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும் ஊர்களில், ஏறத்தாழ 2,80,000 பேருக்கு பிசிஜி தடுப்பூசியோ மருந்தில்லாப் போலி ஊசியோ போடப்பட்டது. பிரிட்டனில் காசநோயை நன்றாகத் தடுத்த ஊசி இது. இங்கே பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. 1999இல் வெளியான 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவும் அதையே சொன்னது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் தீங்கு செய்யாத பாக்டீரியாக்கள் நம் மண்ணிலும் நீரிலும் நிறைய உள்ளன. அவை மக்களின் எதிர்ப்பாற்றலை முன்கூட்டியே மாற்றிவிடுகின்றன என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் முக்கியமானது. அதாவது, பிசிஜி போன்ற ஒரு பாக்டீரியா உடலில் என்ன செய்யும் என்பது அந்த ஊரில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்களையும் பொறுத்தது. இந்தப் பாடம் பெருங்குடல் புற்றுநோய்க்கும் பொருந்தும் என்பதே என் வாதம்.

2012இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே செய்தியை வெளியிட்டன: பெருங்குடல் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இனம் மிகுந்து காணப்படுகிறது. இந்த இனத்தின் நியூக்ளியேட்டம் வகை பல்லிடுக்கில் வாழ்வது. ஈறு நோயில் பெருகுவது. இதன் மேற்பரப்பில் உள்ள ஃபேட்ஏ என்ற புரதம் குடல் செல்லைப் பற்றிக்கொண்டு அதன் பெருக்கத்தை முடுக்குகிறது. ஃபேப்2 என்ற இன்னொரு புரதம், கட்டியை அழிக்க வரும் எதிர்ப்புச் செல்களை அடக்குகிறது. 2024இல் சியாட்டில் ஆய்வாளர்கள் இன்னும் நுணுகிப் பார்த்தபோது, இந்த வகையின் ஒரு கிளைப்பிரிவே கட்டிகளில் மேலோங்கி நிற்பது தெரிந்தது. அமிலத்தைத் தாங்குவதால் அது வாயிலிருந்து இரைப்பை வழியே குடலை அடையக்கூடும்.

பரவலைப் பற்றிய சான்றுகளில் இரண்டு வழிகள் தெரிகின்றன. 2017இல் வெளியான ஆய்வில், குடலில் முதலில் தோன்றிய கட்டியிலும் அதே நோயாளியின் கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் ஒரே ஃபியூசோபாக்டீரியம் இருந்தது. அந்தக் கட்டியை எலிகளில் வளர்த்தபோதும் பாக்டீரியா உயிரோடு கூடவே வந்தது. மெட்ரோநிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் பாக்டீரியா குறைந்தது, கட்டியின் வளர்ச்சியும் தளர்ந்தது. அதாவது புற்றுச் செல்லும் பாக்டீரியாவும் சேர்ந்தே பயணிக்கின்றன. 2021இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியது வேறு. கட்டியில் உள்ள ஈ.கோலை பாக்டீரியா குடலின் இரத்தக்குழாய்த் தடுப்பைத் தளர்த்தி, முதலில் தான் கல்லீரலை அடைந்து, பின்னால் வரும் புற்றுச் செல்லுக்கு இடம் தயார்செய்து வைக்கிறது. முதல் வழியில் பாக்டீரியா துணைப் பயணி, இரண்டாவதில் முன்னோடி. சிகிச்சை தரவேண்டிய காலமும் இதற்கேற்ப மாறும்.

செங்கல்பட்டு நோயாளிக்கு இவற்றில் எது பொருந்தும்? வயதுச் சீராக்கத்துக்குப் பின் இந்தியாவில் இந்நோய் ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 5 பேருக்கு வருகிறது. பல ஐரோப்பிய நாடுகளில் 30க்கும் மேல். நம்மிடம் குறைவாக இருப்பது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவை உண்டு, பெருங்குடல் இல்லை. மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்றே எடுத்துக்கொள்வோம். ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்ற சுவர் விளம்பரம் கண்ணில் படாத ஊர் ஏது? அந்த மருந்திலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஆகவே நோய் ஏன் தோன்றுகிறது என்பதைவிட எப்படிப் பரவுகிறது என்பதே இங்கே அவசரமான கேள்வி.

பிசிஜி அனுபவத்தைத் தவிர, மேலைநாட்டு முடிவுகளை அப்படியே ஏற்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலியில் சோதித்த அதே மெட்ரோநிடசோலை இங்கே வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கி விழுங்குகிறோம். ஆண்டுக்கணக்கில் இப்படி விழுங்கியவர்களின் குடலில் ஃபியூசோபாக்டீரியம் அருகியிருக்குமா, மருந்துக்கு அடங்காததாக மாறியிருக்குமா? இதோடு வாய் நலத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும். மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என நீளும் மீனவக் குப்பங்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுவோரின் ஈறுகளில் எந்தக் கிளைப்பிரிவு வாழ்கிறது? பல் மருத்துவர் சுரண்டி எறியும் பற்காரையிலிருந்தே இதைப் படிக்கத் தொடங்கலாம். பாக்டீரியாவைக் கொல்வதுதான் தீர்வு என்று இப்போதே மாத்திரை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஆன்டிபயாட்டிக் மிகுதியாக உட்கொண்டோரிடம் பெருங்குடலின் வலப்பக்கப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதை ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகள் காட்டியிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஆய்வுக்கான தடை அறுவைசிகிச்சை அரங்கிலேயே தொடங்குகிறது. வெட்டியெடுத்த குடல் வழக்கமாக ஃபார்மலின் நிரம்பிய டப்பாவுக்குப் போகிறது. நோயியல் மருத்துவருக்கு அது போதும். பாக்டீரியாவை வளர்க்க நினைப்பவருக்கு எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஃபார்மலின் கிருமியைக் கொல்லும், மரபணுவையும் துண்டாக்கும். ஃபியூசோபாக்டீரியத்துக்குக் காற்றே ஆகாது. கட்டியிலிருந்து கடுகளவு துண்டை ஆக்சிஜன் நீக்கிய குப்பியிலும், இன்னொன்றை மைனஸ் 80 டிகிரி உறைநிலையிலும் உடனே வைக்கவேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை அரங்கும் நுண்ணுயிரியல் துறையும் உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்தே சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகிறது. இவை கைகோத்தால் ஒரே நோயாளியின் பற்காரை, குடல்கட்டி, கல்லீரல் கட்டி மூன்றையும் ஒப்பிடலாம். மூன்றிலும் ஒரே கிளைப்பிரிவு இருந்தால் துணைப் பயணிக் கருத்து வலுப்பெறும். ஈறு சிகிச்சைக்கும் புற்றுநோய் மருத்துவத்தில் இடம் கேட்கலாம். கல்லீரலில் குடலின் ஈ.கோலை மட்டும் கிடைத்தால், அறுவைக்கு முன்பே இரத்தக்குழாய்த் தடுப்பைக் காப்பது பற்றி யோசிக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் இதுவரை யாரும் பேசாத ஒரு பாக்டீரியா தென்பட்டால், பிசிஜி முடிவைப் போலவே அதையும் உலகத்துக்கு இங்கிருந்துதான் சொல்லவேண்டியிருக்கும்.