சர்வரின் சூட்டைப் பார்ப்பவர் கையில் எல்லாச் சாவியும் எதற்கு?

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் பணம் வரவில்லை, போனில் பேங்கிங் ஆப் திறக்கவில்லை. ஹேக்கர் யாரும் உள்ளே வரலை. இரண்டு வங்கிகளும் பயன்படுத்திய டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்பு கெட்டு, சூடு ஏறிப்போச்சு. அவ்வளவுதான். சுமார் 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் அன்று நடக்காமல் போயின.

சைபர்ஜெயாவில் வரிசையாக நிற்கும் ஜன்னல் இல்லாத கட்டடங்களைப் பார்த்திருப்பீங்க. உள்ளே ஓடும் சர்வர்களுக்கும் இதே கவலை உண்டு. அதனால்தான் ஒவ்வொரு சர்வரிலும் அதன் உடம்பைக் கவனிக்கச் சின்னச் சின்ன புரோகிராம்கள் ஓடுகின்றன: சூடு எவ்வளவு, விசிறி சுற்றுதா, டிஸ்க் தேயுதா என்று. ஆனால் இந்தக் கவனிப்பாளரை யார் கவனிப்பது? அந்தக் கேள்விக்கான பதில்தான் 'கட்டாய அணுகல் கட்டுப்பாடு'. ஐடி வேலைக்குப் போகிறவர்கள் முதல் மாசத்திலேயே அதில் முட்டிக்கொள்வார்கள்.

டீமன் என்றால் பேயா?

இல்லை. திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராமுக்கு லினக்ஸ் உலகில் டீமன் என்று பெயர். இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் பூதத்தில் இருந்து வந்த பெயர்.

வன்பொருளைக் கண்காணிக்கும் டீமன்கள் பல. சென்சார்டி சிப்களின் சூட்டைப் படிக்கும். எம்சிஇலாக் மெமரியிலும் பிராசஸரிலும் வரும் பிழைகளைக் குறித்து வைக்கும். இந்தக் கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்வது ஸ்மார்ட்டி. 2002ல் தொடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் உள்ளது. வேறு அமைப்பு எதுவும் கொடுக்காவிட்டால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க்கிடம் போய் "எப்படி இருக்கே?" என்று கேட்கும். பதில் சரியில்லை என்றால் நிர்வாகிக்கு மெயில் அனுப்பும்.

நல்ல பிள்ளைதான். சிக்கல் எங்கே? டிஸ்க்கிடம் நேரடியாகப் பேச ரூட் அதிகாரம் வேண்டும். பழைய லினக்ஸ் கணக்கில் ரூட் என்றால் முதலாளி. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் கேட்க வந்த புரோகிராம் நினைத்தால் கடவுச்சொல் கோப்பையும் படிக்கலாம், சம்பளப் பட்டியலையும் அழிக்கலாம். அது நினைக்காது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்து, வெளியாள் ஒருவர் அதற்குள் புகுந்துவிட்டால்?

இது வெறும் பயம் இல்லை. 2020 டிசம்பரில் வெளியே வந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில், ஊடுருவியவர்கள் குறிவைத்தது நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஓரியன் மென்பொருளை. அதன் கெட்ட அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை போய்ச் சேர்ந்தது. கண்காணிக்கும் கருவியை எல்லாரும் நம்புகிறார்கள், எல்லா இடத்துக்கும் அனுமதி கொடுக்கிறார்கள். திருடனுக்கு அதைவிட நல்ல வாகனம் எது?

பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவை நினைச்சுக்கோங்க

உங்க வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது உங்க இஷ்டம். தம்பிக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் கொடுக்கலாம். சாதாரண லினக்ஸ் அனுமதிகள் இப்படித்தான்: கோப்பின் சொந்தக்காரர் முடிவு செய்வார், ரூட்டுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

இப்போ கீழே கார்டு ஹவுஸில் இருக்கும் ஜாகாவைப் பாருங்க. நிர்வாகம் அவரிடம் ஒரு தாள் கொடுத்திருக்கு: லிஃப்ட் பழுது பார்க்க வருபவர் லிஃப்ட் மோட்டார் அறைக்கு மட்டும் போகலாம். நீங்க மேலிருந்து போன் பண்ணி "அண்ணே, அவரை என் வீட்டுக்கு அனுப்புங்க" என்றாலும் ஜாகா அசையமாட்டார். வீட்டுச் சொந்தக்காரரே சொன்னாலும் தாளில் இல்லாதது நடக்காது. 'கட்டாய' என்ற சொல்லுக்கு அர்த்தம் அதுதான்.

லினக்ஸில் இந்த ஜாகாவின் பெயர் எஸ்இ லினக்ஸ். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ உருவாக்கி 2000 டிசம்பரில் மூலக் குறியீட்டோடு வெளியிட்டது. 2003ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. உளவு அமைப்பு செய்ததா என்று புருவம் உயர்த்துகிறவர்கள் இன்னும் இருக்காங்க. குறியீடு திறந்தே கிடக்கு, இருபது வருடத்துக்கும் மேலாக உலகமே படித்துப் பார்த்துக்கொண்டிருக்கு. உங்க கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதிலும் இதுதான் ஓடுது, ஆண்ட்ராய்டு 5.0ல் இருந்து முழுசாகக் கட்டாயமாச்சு. உபுண்டு சர்வர்களில் இதே வேலையை ஆப்ஆர்மர் வேறு வழியில் செய்கிறது.

தாளில் என்ன எழுதியிருக்கு?

எஸ்இ லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும், ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள் ஒட்டும். ஸ்மார்ட்டி ஓடத் தொடங்கும்போது அதற்கு 'எஃப்எஸ்டீமன்' என்ற லேபிள் கிடைக்கும். பாலிசி என்பது எந்த லேபிள் எந்த லேபிளைத் தொடலாம் என்ற நீண்ட பட்டியல். எஃப்எஸ்டீமன் டிஸ்க் சாதனங்களைத் திறக்கலாம், தன் அமைப்புக் கோப்பைப் படிக்கலாம், லாக்கில் எழுதலாம், மெயில் அனுப்பும் புரோகிராமை அழைக்கலாம். பட்டியலில் எழுதாத எதையும் அது தொட முடியாது. கடவுச்சொல் கோப்பு அதில் இல்லை. ரூட்டாக ஓடினாலும் கிடைக்காது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. கோப்பு வழியாகப் போனால்தான் லேபிள் தடுக்கும். டிஸ்க்கையே நேரடியாகத் திறக்க அனுமதி உள்ள புரோகிராம், கோப்பு என்ற கணக்கே இல்லாமல் அடியில் உள்ள பைட்டுகளைப் படிக்கலாம். ஆக, ஸ்மார்ட்டி விஷயத்தில் பாலிசி முழுக் கவசம் இல்லை. சூட்டை மட்டும் படிக்கும் டீமனுக்கு டிஸ்க் அனுமதியே தேவையில்லை, கெர்னல் காட்டும் சென்சார் கோப்புகள் போதும். அதனால்தான் ஒவ்வொரு கண்காணிப்பாளருக்கும் தனித் தாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே லேபிள் கொடுத்தால், விசிறியைப் பார்ப்பவர் கையிலும் டிஸ்க்கின் சாவி வந்துவிடும்.

பெரும்பாலும் எங்கே சறுக்குது?

முதல் சறுக்கல் கண்ணுக்கே தெரியாது. சர்வர் கம்பெனிகள் தங்கள் சொந்தக் கண்காணிப்பு மென்பொருளைத் தருகின்றன. அதற்கென்று பாலிசி எழுதப்படவில்லை என்றால், ரெட்ஹாட் வகை லினக்ஸில் அது 'கட்டுப்பாடற்ற சேவை' என்ற லேபிளில்தான் ஓடும். எஸ்இ லினக்ஸ் ஓடுதா என்று கேட்டால் "ஓடுது" என்று பதில் வரும். ஆனால் இந்த ஆளுக்கு மட்டும் ஜாகா கதவைத் திறந்தே விட்டிருப்பார். ஓடும் புரோகிராம்களின் பட்டியலை லேபிளோடு சேர்த்துக் காட்டச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். மெயிலை யார் பார்க்கிறார்கள், டெலிகிராமுக்கு எச்சரிக்கை வரட்டும் என்று ஒருவர் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஸ்மார்ட்டியோடு இணைக்கிறார். கையால் ஓட்டிப் பார்த்தால் வேலை செய்யுது. ஏன்னா அப்போ ஓடுவது அவருடைய லேபிளில். நள்ளிரவில் ஸ்மார்ட்டி அதை அழைக்கும்போது, இணையத்துக்குப் போக எஃப்எஸ்டீமனுக்குத் தாளில் அனுமதி இல்லை. தடை. டிஸ்க் சாகுது, எச்சரிக்கை வரலை, எல்லாம் நல்லா இருக்கு என்று எல்லாரும் தூங்குறாங்க. பாதுகாப்பு விதியே அலாரத்தின் வாயைப் பொத்திவிடும்.

இந்த நிலையில் பலரும் செய்வது எஸ்இ லினக்ஸையே அணைத்துவிடுவது. ஒரே கட்டளை, பிரச்சினை போச்சு. கூடவே அந்த சர்வரில் உள்ள மற்ற எல்லாத் தாள்களும் போச்சு.

அதற்குப் பதில், எஃப்எஸ்டீமன் லேபிளை மட்டும் 'அனுமதித்துக் குறித்துக்கொள்' நிலைக்கு மாற்றலாம். சர்வரின் மற்ற பகுதிகளில் தடை அப்படியே இருக்கும். பிறகு ஸ்மார்ட்டியைச் சோதனை எச்சரிக்கை அனுப்பச் சொல்லுங்க, சர்வரை மறுபடி தொடங்கிப் பாருங்க, ஒரு நாளாவது ஓட விடுங்க. தடுக்கப்பட வேண்டியவை எல்லாம் ஆடிட் லாக்கில் 'ஏவிசி' என்று தொடங்கும் வரிகளாக விழும். அவற்றை விதிகளாக மாற்றித் தர ஆடிட்2அலவ் என்ற கருவி இருக்கு. அது தருவதை அப்படியே ஒட்டாதீங்க. அது கேட்டதை எல்லாம் கொடுக்கும் ஜாகா. ஒவ்வொரு வரியும் எதற்கு என்று புரிந்த பிறகு சேருங்க. இன்னொன்று: சில தடைகள் லாக்கில் வராமல் இருக்க பாலிசியிலேயே ஏற்பாடு உண்டு. எதுவும் பதிவாகவில்லை, ஆனாலும் வேலை செய்யவில்லை என்றால், அந்த மௌன விதிகளைத் தற்காலிகமாக நீக்கிப் பார்க்கணும்.

நமக்கு ஏன் இப்போ முக்கியம்?

மலேசியாவின் 2024 சைபர் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 26ல் நடப்புக்கு வந்தது. வங்கி, சுகாதாரம், போக்குவரத்து, எரிசக்தி என 11 துறைகளில் முக்கிய அமைப்புகளை நடத்துபவர்கள், சைபர் சம்பவம் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவலைக் கொடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் கேஎல்ஐஏ கணினி அமைப்புகள் தாக்கப்பட்டு, ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்கப்பட்டதாகவும் தாம் மறுத்ததாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் சொன்னது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் 6 மணி நேரம் ரொம்பக் குறைவு. எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொட முயன்றது என்று நேரத்தோடு சொல்லும் ஆடிட் லாக் இருந்தால் விசாரணைக்கு ஒரு பிடி கிடைக்கும். எஸ்இ லினக்ஸை அணைத்த சர்வரில் அந்த வரிகள் இருக்காது.

ஜாகா போக முடியாத ஓர் இடமும் உண்டு. சர்வர் போர்டிலேயே பிஎம்சி என்ற தனிச் சின்னக் கணினி இருக்கும். மெயின் சர்வரை அணைத்தாலும் அது விழித்திருந்து சூட்டைப் பார்க்கும், தூரத்தில் இருந்து மறுபடி ஆன் பண்ணவும் விடும். 2017ல் எச்பிஇ நிறுவனத்தின் ஐஎல்ஓ 4 என்ற பிஎம்சியில் ஓர் ஓட்டை வெளியானது: கோரிக்கையில் ஓர் இடத்தில் 'ஏ' என்ற எழுத்தை 29 முறை அனுப்பினால் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டது. பிஎம்சி லினக்ஸுக்கு அடியில் இருப்பதால் எஸ்இ லினக்ஸ் பாலிசி அங்கே எட்டாது. அதற்குத் தனி நெட்வொர்க் வேண்டும், இணையத்தில் இருந்து நேரடியாகத் தொட முடியாதபடி வைக்கணும், அதன் ஃபர்ம்வேரைத் தனியாக அப்டேட் பண்ணணும்.