ஒரு தகடும் ஒரு சுருளும்

சரித்திரம் என்ற உடனே நமக்கு அரசர்களும் படையெடுப்புகளும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. தொழிற்பட்டறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் வரும் போர்களுக்குப் பேரிகை முழக்கம் கிடையாது. வீரர்களின் கையில் ரத்தம் இராது, எண்ணெய்க் கறைதான் இருக்கும். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அப்படி ஒரு போர் மூண்டது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் தோற்று, ஜப்பானில் உள்ள ஒரு சோதனைச் சாலையில் ஜெயித்த போர் அது. வெற்றி தேடித் தந்தவை எவை என்றால், ஒரு மெல்லிய தகடும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருள் வில்லும்தான்.

பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களைப் பெற்ற பிள்ளைபோல் பேணுகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ஐம்பது அறுபது வயதான எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது, அன்று தொழிற்சாலை வைத்த மாதிரியே பாகங்களை வைப்பதா? அல்லது இன்று கிடைக்கும் உறுதியான பாகங்களை வைத்து, இன்னும் பல வருஷம் ஓடும்படி செய்வதா? முதல் கட்சிக்காரர்கள் இரண்டாவது கட்சியைச் சரித்திரத் துரோகிகள் என்கிறார்கள். இரண்டாவது கட்சியோ, முதல் கட்சி பொம்மைக் கொலு வைக்கிறது என்கிறது. இந்த வழக்குக்கு வேண்டிய சாட்சியம் மேலே சொன்ன போரில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன் கதாநாயகரைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். ஸோய்சிரோ ஹோண்டா 1906-இல், ஹமமட்ஸு நகரை அடுத்த கிராமம் ஒன்றில், ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதில் டோக்கியோவில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிற்பாடு, ஊர் திரும்பி, பிஸ்டன் ரிங் செய்யும் தொழிலில் இறங்கினார். பிஸ்டன் ரிங் என்பது பார்வைக்கு வெறும் இரும்பு வளையம். ஆனால் வெடிக்கும் வாயுவைக் கீழே கசிய விடாமலும், கீழே உள்ள எண்ணெயை மேலே ஏற விடாமலும் காவல் காப்பது அதுதான். ஹோண்டா வார்த்த வளையங்கள் ஒன்றும் உருப்படவில்லை. உலைக்களத்தில் கற்ற கைப்பழக்கம் அங்கே போதவில்லை.

முப்பது வயது மனிதர் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஹமமட்ஸு தொழிற் கல்லூரியில் பையன்களோடு உட்கார்ந்து உலோகப் பாடம் கேட்டார். வார்ப்பிரும்பில் சிலிக்கன் குறைவு என்ற விஷயம் புலப்பட்டது. பரீட்சை எழுத அவர் சம்மதிக்கவில்லை. பட்டம் கொடுக்கக் கல்லூரியும் சம்மதிக்கவில்லை. பிறகு டொயோட்டா கம்பெனியின் பரிசோதனைக்கு ஐம்பது வளையங்களைக் கொடுத்தார். தேறியவை மூன்றே மூன்று! மற்றவராயிருந்தால் கடையைச் சாத்தியிருப்பார். அவர் தேறாத நாற்பத்தேழு வளையங்களையும் ஆசிரியராக ஏற்றுக்கொண்டார். யுத்த காலத்தில் விமானக் குண்டும், 1945 ஜனவரியில் பூகம்பமும் அவருடைய தொழிற்சாலையைப் பாழாக்கின. மிஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றார். 1946-இல், ராணுவம் ரேடியோவுக்கு மின்சாரம் உண்டாக்க உபயோகித்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் மாட்டினார். 1948 செப்டம்பரில் ஹோண்டா கம்பெனி பிறந்தது. விற்பனையையும் கணக்கையும் கவனிக்க மறு வருஷம் டக்கேயோ ஃபுஜிஸாவா வந்து சேர்ந்தார்.

1954-இல் ஹோண்டா பிரிட்டனை அடுத்த மான் தீவுக்குப் போய், அங்கே நடக்கும் பிரசித்தமான மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தார். தாம் செய்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தியோடு அதே அளவு எஞ்சின்கள் அங்கே பறந்தன. செயின், கார்புரேட்டர், சக்கர வளையம் என்று கைக்குக் கிடைத்த பாகங்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். 1959-இல் அவர் கம்பெனி அந்தப் பந்தயத்தில் முதல் தடவையாகக் கலந்துகொண்டது. 1961-இல் 125, 250 ஸி.ஸி. என்ற இரண்டு பிரிவுகளிலும் வெற்றி கிட்டியது.

பந்தயத்தில் ஒரு நாள் ஓடுவது வேறு. வாங்கினவன் வீட்டில் வருஷக்கணக்காக ஓடுவது வேறு. அந்தப் பாடம் அமெரிக்காவில் காத்திருந்தது.

1959 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோண்டாவின் கிளை திறக்கப்பட்டது. பொறுப்பேற்றுச் சென்றவர் கிஹாச்சிரோ கவாஷிமா. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலம் அது. ஜப்பானிய நிதி மந்திரிசபை அனுமதித்தது 2,50,000 டாலர். அதிலும் ரொக்கமாக 1,10,000 டாலர்தான். பாக்கிக்கு வண்டிகளும் உதிரி பாகங்களுமாக எடுத்துப்போக வேண்டும். போனவர்கள் மாதம் 80 டாலர் வாடகையில் ஒரே ஜாகையில் குடியிருந்தார்கள். இரண்டு பேர் தரையில் படுத்தார்கள். நகரத்தின் மலிவான பகுதியில் ஒரு கிடங்கு பிடித்து, வண்டிப் பெட்டிகளைத் தாங்களே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 'ஜப்பானில் செய்தது' என்றாலே மட்ட ரகச் சாமான் என்று மேல்நாட்டார் முகம் சுளித்த நாட்கள் அவை என்பதையும் மறக்கக் கூடாது.

1960 வசந்த காலத்தில் பெரிய வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக விற்கத் தொடங்கின. உடனே இடி விழுந்தது. வண்டிகள் எண்ணெய் கசிகின்றன, கிளட்ச் வழுக்குகிறது என்று புகார்கள் வந்து குவிந்தன. காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. ஜப்பானிய வண்டிகள் ஜப்பானியச் சாலைக்குச் செய்யப்பட்டவை. அமெரிக்கனோ, அதைவிட அதிக வேகத்தில், அதைவிட வெகு தூரம் ஓட்டினான்.

எஞ்சினின் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு தகடு உண்டு. ஹெட் காஸ்கெட் என்பார்கள். மேலும் கீழும் உலோகம். சூடேறினால் இரண்டும் விரியும், ஆறினால் சுருங்கும். நடுவில் அகப்பட்டுக்கொண்ட தகடு ஒவ்வொரு தடவையும் நசுங்கி நிமிர்ந்து, வாயுவையும் எண்ணெயையும் தடுத்து நிறுத்த வேண்டும். அரை மணி நேரச் சூட்டைத் தாங்கிய தகடு, நாலு மணி நேரச் சூட்டில் கை விரித்துவிடும். கிளட்ச் சுருளின் கதையும் இதுதான். தட்டுகளை ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. அழுத்தம் போதாவிட்டால் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் தேயும், தேய்ந்தால் இன்னும் வழுக்கும்.

கவாஷிமா கையிருப்பில் இருந்த அருமையான ரொக்கத்தைச் செலவழித்து, பழுதான வண்டிகளை விமானத்தில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பினார். சோதனைச் சாலையில் இரவு பகலாக எஞ்சின்களை ஓட்டி, அதே பழுது மறுபடி வரும்படி செய்து பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் புதிய அமைப்பில் ஹெட் காஸ்கெட்டும் கிளட்ச் சுருளும் தயாராயின. பழுது நின்றது. அந்த ஒரு மாதம் தவறியிருந்தால், அமெரிக்காவில் ஹோண்டா என்ற பெயரை அதற்குப் பிறகு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதே சமயத்தில், கடைகண்ணிக்குப் போக அவர்களே ஓட்டிக்கொண்டிருந்த 50 ஸி.ஸி. 'சூப்பர் கப்' வண்டி ஜனங்களின் கண்ணில் பட்டுத் தானாகவே விலை போகத் தொடங்கியது தனிக் கதை. 2017-இல் அந்த வரிசையில் பத்துக் கோடியாவது வண்டி வெளிவந்தது.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். 1959-இல் அமெரிக்கா போன வண்டிக்கு 'அசல்' காஸ்கெட் எது? முதலில் வைத்துத் தோற்றதா, பின்னால் வைத்து ஜெயித்ததா? இரண்டும் தொழிற்சாலை செய்தவைதான். செய்தவரே முதலாவதைத் தள்ளிவிட்டார் என்றால், நாம் அதை மட்டும் பூஜையறையில் வைப்பானேன்?

1969-இல் விற்பனைக்கு வந்த ஸி.பி. 750 வண்டியும் இதையே சொல்லும். நாலு சிலிண்டர், 736 ஸி.ஸி., 67 குதிரைச் சக்தி, முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். வருஷத்துக்கு 1,500 வண்டி விற்கும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. அதனால் எஞ்சினின் கீழ்க் கூட்டை விலையுயர்ந்த இரும்பு அச்சில் வார்க்காமல், முதலில் வேறு முறையில் வார்த்தார்கள். வருஷக் கணக்கு மாதக் கணக்காகிவிட்டது! அவசர அவசரமாக அச்சு வார்ப்புக்கு மாறினார்கள். ஆரம்ப வண்டிகளில் செயின் அறுந்து எஞ்சின் கூட்டை உடைத்த சம்பவங்கள் உண்டு. அதற்கும் பின்னால் பரிகாரம் தேடினார்கள். இன்று சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுப்பது எதற்கு என்கிறீர்கள்? அந்த ஆரம்ப வண்டிகளுக்குத்தான். மனித சுபாவம் விசித்திரமானது.

பழைய எஞ்சின்கள் எங்கே தளர்கின்றன என்பது மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். பொறியை உண்டாக்கும் பாயிண்டின் குதிகால் சுழலும் இரும்பில் உரசி உரசித் தேய்கிறது. இடைவெளி மாறி, பொறி விழும் நேரம் பிசகுகிறது. உரசலே இல்லாத எலெக்ட்ரானிக் அமைப்பை மாட்டினால் அந்த நோய் போய்விடும். 1983 முதல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி நம் நாட்டில் செய்த யமஹாவின் 'ராஜ்தூத் 350' வண்டியை இன்றும் ஓட்டுகிறவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஹோண்டாவின் பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் மின்சாரத்தை நேர்ப்படுத்த செலீனியத் தகடுகள் இருந்தன. இன்று அந்த இடத்தில் சிலிக்கன் உட்காருகிறது. ஸி.பி. 350-இல் கேம் ஷாஃப்ட் தனிப் பேரிங் இல்லாமல் அலுமினிய மூடியிலேயே சுழல்கிறது. எண்ணெயை மாற்றாமல் சோம்பியிருந்தால் மூடியே பாழ். ரப்பர் ஸீல்களோ, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகி இறுகுகின்றன. சூடு தாங்கும் புதிய ரகங்கள் இன்று சுலபமாகக் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பலப்படுத்துவது வேறு, முறுக்கிவிடுவது வேறு. சிலிண்டரை அகலக் குடைந்து பெரிய பிஸ்டன் மாட்டி, அழுத்தத்தையும் ஏற்றினால் வேகம் வரும், ஆயுள் குறையும். கிழவருக்கு நல்ல மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கலாம். அவரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பக் கூடாது.

பழைமைக் கட்சியின் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. எல்லா வண்டியையும் மாற்றிவிட்டால், அன்று தொழிலாளி எதை எப்படிச் செய்தான் என்பதற்கு அத்தாட்சியே இல்லாமல் போகும். தோற்ற தகடும் சரித்திரம்தான். காட்சிசாலையில் நிற்கும் வண்டி மாறாமல் நிற்கட்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு வேறு தர்மம்.

ஜப்பானியர்களுக்கு இதில் சங்கடம் குறைவு என்று நினைக்கிறேன். ஈஸே என்ற க்ஷேத்திரத்தில் உள்ள அவர்களுடைய மகா ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒரு முறை புதிய மரத்தால் அப்படியே கட்டுகிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷமாக நடந்து வரும் வழக்கம் இது. 2013-இல் நடந்தது அறுபத்திரண்டாவது தடவை. மரம் புதிது, ஆலயம் பழையது. அங்கே அதே ஜாதி மரம்தான், நாம் வைப்பதோ புதிய உலோகம் என்று யாராவது ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். ஆனால் ஈஸேயில் காப்பாற்றப்படுவது மரம் மட்டும் அல்ல. தச்சன் தன் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கும் வித்தையும்தான். எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்த கை இருக்கும் வரையில்தான் பழைய வண்டிக்கும் உயிர்.

1991-இல் ஸோய்சிரோ ஹோண்டா காலமானார். தேறாத நாற்பத்தேழு வளையங்களை ஒருநாளும் அவர் அசல் என்று கும்பிட்டதில்லை. ஆகையால், பழைய எஞ்சினைத் திறக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: நல்ல தகட்டைத் தாராளமாக வையுங்கள். கழற்றின பழைய தகட்டில் ஒரு சீட்டுக் கட்டி, தேதி எழுதி, பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டியும் ஓடும், சரித்திரமும் தொலையாது.